அப்பா சத்தமில்லாமல் பார்த்த படம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் நலம். நீயும் உடம்பளவில் நலமாகத்தான் இருப்பாய், மற்றதைப் பற்றிப் பிறகு கேட்கிறேன். மாதா மாதம் உனக்கு அப்பா எழுதுகிற கடிதத்தை இந்த முறை நான் எழுதுகிறேன். திரைப்பட விழா நெருங்கிவிட்டதால் அப்பாவுக்குத் தியேட்டரை விட்டு நகர நேரமில்லை. "நீயே எழுதிடு பாப்பா, நான் எழுதுற மாதிரியே எழுது, அவனுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது" என்றார். அவர் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. கண் விழித்துப் படத்தை வெட்டி ஒட்டுகிற வேலையைக் குறைத்துக்கொள். அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஆபரேட்டர் அறைக்கு ஏறும் இரும்புப் படியை மட்டும் திட்டிக்கொண்டே ஏறுகிறார். அம்மாவுக்குப் புதிதாக இன்னொரு ஓட்டலின் சீருடைகளும் தேய்க்க வந்திருக்கின்றன, வீடு முழுக்க வெள்ளைச் சட்டைகள் தொங்குகின்றன, நடந்தால் யாரோ தோளைத் தொடுவது போல இருக்கிறது. அப்பா சொன்னது இவ்வளவுதான். இனி எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அவர்கள் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் பேனாவை மூடிவிடுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

உன் படம் வந்துவிட்டது அண்ணா. விழாவுக்கு வருகிற எல்லாப் படத்தையும் போல அதையும் அப்பா முன்னாலேயே ஓட்டிப் பார்த்தார். எப்படிப் பார்ப்பார் என்று உனக்குத் தெரியும், நீயும் அந்த வேலையைச் செய்தவன்தானே. மேலே கண்ணாடிக்குப் பின்னால் அப்பா. அங்கே இருந்த ஒலிபெருக்கி செத்துப்போய் எத்தனையோ காலமாகிவிட்டது, முதலாளி இன்னும் மாற்றித் தரவில்லை. அதனால் கீழே நடு வரிசையில் ஒருவர் உட்கார்ந்து கை காட்ட வேண்டும், உள்ளங்கை மேலே போனால் சத்தத்தைக் கூட்டு, கீழே அழுத்தினால் குறை. நீ போனபிறகு அந்தக் கை என்னுடையது. ஆகவே உன் படத்தை அப்பா தொடக்கத்திலிருந்து கடைசிவரை கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார், ஒரு சொல் காதில் விழாமல். நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

நம் சமையலறைச் சுவர் திரை முழுக்கத் தெரிந்ததும் அப்பா கண்ணாடியைத் தட்டித் தட்டிக் காட்டினார். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் எண்ணெய்க் கறைகூட அழகாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அம்மா சட்டை தேய்க்கிறாள். ஆவி எழும்புகிறது. அம்மா குரல், "இதெல்லாம் பதிவாகுதாடா?" என்கிறது. உன் குரல், "இல்லம்மா, சும்மா சத்தம் சரியா விழுதான்னு பாக்கறேன், ஏதாவது பேசிட்டே இருங்க" என்கிறது. "நான் என்னத்தடா பேச, இஸ்திரிப் பெட்டி சுடுதுன்னு பேசவா" என்று அம்மா சிரிக்கிறாள். நீ சொன்ன பொய்யை நீயே படத்தில் வைத்திருக்கிறாய், அதைத் துணிச்சல் என்று விழாக் குறிப்பில் அச்சடித்திருக்கிறார்கள். அப்புறம் பாயில் தூங்குகிற நான். வாய் திறந்து, தலையணையில் எச்சில். என் முகத்தின் மேல் அம்மா குரல் மெதுவாகச் சொல்கிறது: "இவ பொறந்து மூணு மாசம். ஒரு நாள் காலைல பக்கத்து வீட்ல விட்டுட்டு பஸ் ஏறிட்டேன். எங்க போகுதுன்னு கூடக் கேக்கல. திரும்பி வரக் கூடாதுன்னுதான் ஏறினேன். உங்கப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுடா." உடனே திரை கறுப்பாகிவிடுகிறது. அடுத்து வேறு ஏதோ ஒரு தெரு, மழை, நாய்.

அம்மா பேசத் தொடங்கியதும் என் கை தானாகக் கீழே போனது. குறை, குறை என்று அழுத்திக்கொண்டே இருந்தேன், அப்பாவும் குறைத்துக்கொண்டே போனார். அவர் என் கையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பிறகு இறங்கி வந்து, "அந்த இடத்துல ஏன் பாப்பா அவ்வளவு குறைக்கச் சொன்ன?" என்று கேட்டார். கரகரவென்று இருந்தது என்றேன். "பெரியவன் அவசரத்துல விட்டிருப்பான்" என்று உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசினார். வீட்டுக்கு நடக்கும்போது, "நீ தூங்குற இடத்துல அம்மா ஏதாவது பேசறாளா, என்ன பேசறா?" என்றார். சின்ன வயதில் நான் செய்த சேட்டைகள் என்றேன். அப்படியா என்று தெருவிலேயே நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நீ படம் பிடித்திருக்க வேண்டும்.

இப்போது நிலைமை என்ன தெரியுமா? தையல்கடை அத்தை, பேக்கரிக்காரர், அப்பாவோடு சீட்டு விளையாடுகிற கூட்டம், எல்லோரையும் உன் படத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். "என் வீட்டு அடுப்பும் அண்டாவும் நடிச்சிருக்கு, சம்பளம்தான் குடுக்கல" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அன்றைக்கு மட்டும் தன் உதவியாள் சோடாபுட்டி அண்ணனை மேலே விட்டுவிட்டு, அவர் கீழே அம்மா பக்கத்தில் உட்காரப் போகிறார். இத்தனை வருஷத்தில் அந்தத் தியேட்டரில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்ப்பது இதுதான் முதல் முறை. அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே, "நான் நல்லா விழுந்திருக்கேனா?" என்று என்னிடம் கேட்கிறாள். நம் மொழிப் படம் என்பதால் அடியில் எழுத்தும் இல்லை, காதால் கேட்டால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும்.

இந்த மாதிரிப் படங்களை எனக்குக் காட்டியதே நீதான். ஒவ்வொரு விழாவிலும் என்னைப் பின்வரிசை மூலையில் உட்காரவைத்து, யாராவது கேட்டால் ஆபரேட்டர் மகள் என்று சொல்லச் சொன்னாய். ஒருத்தி பாத்திரம் கழுவுவதைத் தவிர வேறெதுவும் நடக்காத படம், வீட்டுச் சாமானையெல்லாம் தெருவில் எடுத்து வைத்துவிட்டு வெறும் வீட்டில் ஆடுகிறவன் படம். அந்தப் பழைய பேய்ப்படம் போடும்போது வருஷா வருஷம் அதே ஆட்கள் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து வசனத்தை முன்கூட்டியே கத்துவார்களே, அன்றைக்கு நீயும் நானும் நம் வீட்டு வாளியை எடுத்துப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கினோம். பாதியில் எழுந்து போகிறவர்களைப் பார்த்து நான் பயந்தபோது, "போகட்டும் பாப்பா, பாக்கிறவங்களுக்கு உறுத்தணும், உறுத்தாத படம் தலையணை மாதிரி, தூங்கத்தான் ஆகும்" என்றாய். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பாட்டும் சண்டையும் உள்ள படங்களைப் பேசும்போது எனக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரிந்தது போலத் திமிராக இருப்பேன். அந்தத் திரையில் அழுதவர்களுக்கும் வீடு இருக்கும், அந்த வீட்டிலும் யாராவது ஒரு தங்கை நடு வரிசையில் உட்கார்ந்து கேட்டிருப்பாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா?

அம்மா உன்னிடம்தான் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை, மகனிடம் சொன்னாள். நீ அதை டிக்கெட் வாங்குகிறவர்களிடம் சொல்லிவிட்டாய். இது மட்டும் உறுத்தலாக இல்லை அண்ணா, வேறு மாதிரி வலிக்கிறது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அம்மா காலையில் தேய்த்த துணி மூட்டையோடு பஸ் ஏறும்போது, ஜன்னலில் நின்று எந்த பஸ் என்று பார்க்கிறேன். திரும்பி வருகிற வரை எனக்குப் பாடம் ஏறவில்லை. ஊரே கூடியிருக்கிற இருட்டில் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, அம்மா மறுபடியும் எங்கே போகுது என்று கேட்காமல் ஏறிவிட்டால்?

வீட்டில் இருக்கிற ஒரே போனில் நீ பேசினால் அப்பா ஸ்பீக்கரில்தான் போடுவார், அதனால்தான் கடிதம். விழா அலுவலகத்திலிருந்து உனக்குப் போகிற அழைப்பிதழ் உறையில் முகவரி ஒட்டும் வேலை எனக்குத்தான், அப்பா கண்ணில் படாமல் அதற்குள் இதை வைத்துவிடுவேன், விழாவுக்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும். வந்ததும் ஒன்று செய். அப்பா தியேட்டரில் இருக்கிற பகல் நேரத்தில் அம்மாவைக் கூப்பிட்டு, பதிவானது என்று சொல். படத்தில் இருக்கிறது என்று சொல். இருக்கட்டுமா வேண்டாமா என்று அம்மா சொல்லட்டும். சுவர் ஒலிபெருக்கி சொல்லித் தெரிவதைவிட நீ சொல்லித் தெரிவது நல்லது. நீ சொல்லாவிட்டால், அன்றைக்கும் நடு வரிசையில் நான்தான். சோடாபுட்டி அண்ணனிடம் என் கையைப் பார்க்கச் சொல்லிவைத்துவிட்டேன். அந்த இடம் வந்ததும் என் கை கீழே போகும், நீ வருஷக் கணக்கில் எடுத்த படம் ஊமையாகும். உன் மாதிரிப் படம் பார்க்கிறவர்கள் அதற்கும் ஏதாவது அர்த்தம் கண்டுபிடித்துக் கைதட்டுவார்கள், கவலைப்படாதே.

அப்பாவும் அம்மாவும் உனக்கு எப்போதும் சொல்லும் ஆசீர்வாதத்தை இங்கே எழுதவேண்டும், எழுதிவிட்டேன் என்றே வைத்துக்கொள், அவர்கள் மனதில் அது குறையவில்லை. நல்லா இரு, நேரத்துக்குத் தூங்கு. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. கறுப்பான இடத்துக்கு அப்புறமும் அம்மா பேசியிருப்பாள். திரும்பி வந்தாள் அல்லவா, வந்ததால்தானே நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் வந்தாள் என்று அவள் சொன்னது உன்னிடம்தான் இருக்கிறது. படத்துக்கு வேண்டாம் என்று நீ வெட்டிப் போட்ட அந்தத் துண்டை எனக்கு அனுப்பு.

அப்பா சொன்னதையும் சொல்லாததையும் எழுதிய
உன் தங்கை