கறிமீன் கூறு

03.04.2025, வியாழன்

காலையில் கருவாட்டு வாடிக்குப் போனபோது கட்டா மீன் வந்து குவிந்திருந்தது. என் வெட்டுப் பலகையில் யாரோ ஓர் ஆள் குந்தியிருந்தான். யாரென்று கேட்டேன். சிரித்தான். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது.

மொத்தம் ஆறு பேர். வங்காளதேசத்து முஸ்லிம் ஆட்களாம். சுற்றுலா விசாவில் வந்து, விசா முடிந்த பிறகும் நிற்கிறார்கள். கொழும்பில் ஒரு தரகர் பிடித்துக் கொடுத்தாராம். பாக்கியரத்தினம் முதலாளி அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே தன் கந்தோர் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "பத்திரமாக் கிடக்கட்டும்" என்றார். அவர்களுக்குப் படுக்கை, ஐஸ் பெட்டிகள் வைக்கிற தகரக் கொட்டிலுக்குள்.

பின்னேரம் மீன் வெட்டுகிற எங்கள் பெண்களைக் கூப்பிட்டு, இனிப் பாதிப்பேர் வந்தால் போதும், முறை வைத்து வாங்கோ என்றார். பதினொரு வருசமாக அந்த உப்புக்குள் கை வைத்திருக்கிறேன். முறை வைத்து வர இதென்ன கோயில் திருவிழா உபயமா?

05.04.2025, சனி

இன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"முதலாளி, விசா இல்லாத ஆக்களை வேலைக்கு வைக்க ஏலாது. சட்டப்படி பிழை. நாங்கள் இருக்கேக்க எதுக்கு உவங்கள்?"

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, ஏதோ தேவாரம் சொல்லுகிற குரலில் சொன்னார். "பாவம் பிள்ளை, வயித்துப்பாட்டுக்கு வந்ததுகள். அகதியாத் திரிஞ்ச சனம் நாங்கள் இப்பிடிக் கதைக்கலாமோ? உம்மட தம்பி மட்டும் எப்பிடி வெளியில போனவன்? நீர் கதைக்கிறது இனவாதம்."

இனவாதம். என்னைப் பார்த்து.

இந்த ஊரில் அந்தச் சொல் எதற்குச் சொல்லுகிற சொல் என்று அவருக்குத் தெரியாதா? எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தவர்களுக்கு நாங்கள் சொன்ன சொல். சோதனைச் சாவடியில் அப்பாவை முழங்காலில் நிற்க வைத்தவனுக்குச் சொன்ன சொல். அதைத் தூக்கி, வேலை போகுது என்று கேட்டவளின் தலையில் போட்டுவிட்டார். ஆடு நனையுது என்று ஓநாய் அழுத கதைதான். அவ்வளவு இரக்கம் என்றால் எங்களுக்குத் தருகிற நாட்கூலியை அவர்களுக்கும் கொடுக்கலாமே. கொடுப்பது பாதி. நாயைக்கூட அந்தக் கொட்டிலுக்குள் படுக்க விடமாட்டோம். ஆனால் அவர் தர்மவான், நான் இனவாதி.

நல்ல பதில் எல்லாம் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிற நேரத்தில்தான் வருகிறது.

07.04.2025, திங்கள்

என் முறை இல்லை. வீட்டில் இருந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

15.04.2025, செவ்வாய்

வருசம் பிறந்து முதல் வேலைநாள். பிறக்கும்போதே சண்டையோடு பிறந்திருக்கிறது.

எங்கள் வாடியில் ஒரு வழக்கம் உண்டு. மீனில் கை வைத்தவர் எவரும் வெறுங்கையோடு போகக் கூடாது. வேலை முடிந்ததும் வீட்டுக் கறிக்கென்று கறிமீன் ஒதுக்கி, ஆளுக்கொரு கூறு போடுவோம். வழியால் போகிறவர் ஒரு கூடை தூக்கிவிட்டிருந்தாலும் அவருக்கும் ஒரு கூறு. கூறு போடுவது நான்தான். தலையைக் கூட எண்ணுவதில்லை, கை பழகிவிட்டது.

இந்த ஆறு பேருக்கும் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சமைக்க அவர்களுக்கு அடுப்பில்லையாம், தான் சோறு கொடுக்கிறாராம். நான் பெண்களுக்கு மட்டும் போட்டேன். ஆறு பேரும் தள்ளிக் குந்தியிருந்து பார்த்தார்கள்.

எதிர்ப் பலகையில் வெட்டுகிற பரீதா ராத்தா தன் கூறில் பாதியை எடுத்துக் கொண்டுபோய் அவர்களிடம் கொடுத்தார். கிண்ணியா முஸ்லிம் மனிசி, ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வருகிறவர். அவருடைய நாட்களும்தான் பாதியாகப் போயிருக்கின்றன.

"முதலாளி சொன்னா நீ கேக்கிறது எப்ப இருந்து புள்ள?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கட ஆக்கள் எண்டு பாக்கிறீங்களோ?" என்றேன்.

அவர் கத்தியைக் கழுவிக்கொண்டு ஆறுதலாகச் சொன்னார். "என்ட ஆக்களா? அவங்கட பாஷை எனக்கும்தான் விளங்கல்ல. நீ கேக்குற ஞாயம் சரி. ஆனா கோவம் முதலாளியோட. முறைச்சுப் பாக்கிறது அவங்கட முகத்தை."

"உங்கட ஆக்கள்" — ஏன் அப்படிச் சொன்னேன்? இத்தனை வருசம் எதிரெதிரே இருந்து மீன் வெட்டிய மனிசி. அந்த ஒரு வசனத்துக்கு யாராவது என்னை இனவாதி என்று சொன்னால் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் என் வேலை போகுது, இது சட்டப்படி பிழை என்று சொன்னதற்கு? அதை வாங்கமாட்டேன். இரண்டும் ஒன்றில்லை.

20.04.2025, ஞாயிறு

தம்பி மதுசன் லண்டனிலிருந்து போன் எடுத்தான். மூன்று நாடு தாண்டி, பெட்டி லொறிக்குள் ஒளிந்து போனவன். இன்னும் விசா இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சட்டி கழுவுகிறான். அவனிடம் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கூச்சம். ஆனாலும் சொன்னேன். சிரித்தான்.

"இஞ்ச என்ர முதலாளியும் தமிழன்தான் அக்கா. அரைச் சம்பளம். கேட்டா, 'உன்னைப் பிடிச்சுக் குடுக்காமல் வைச்சிருக்கிறன், நன்றியில்லையோ' எண்டுவார்."

இங்கே எங்களுக்கு நடக்கிறதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"இஞ்ச என்னைப் பிடிக்காத சனமும் இருக்கு. கொஞ்சப்பேர் உன்னை மாதிரி, வேலை போனதுகள். கொஞ்சப்பேர் என்ர தோலைப் பிடிக்காததுகள். றோட்டில வரேக்க எது எது எண்டு எனக்குத் தெரியாது அக்கா. ரெண்டையும் கண்டா ஒதுங்கித்தான் நடக்கிறன்."

அதற்குப் பிறகு அவனோடு கதைக்கப் பிடிக்கவில்லை. அவனிலும் கோபம் வந்தது. ஒழுங்காகப் போயிருக்கலாமே. ஒழுங்காகப் போக வழி இருந்ததா? அதுவும் எனக்குத் தெரியாது. வழியில்லை என்றால் போகாமல் இருந்திருக்கலாம். அவன் அனுப்பிய காசில் போட்ட கூரைக்குக் கீழே இருந்துதான் இதையும் எழுதுகிறேன்.

29.04.2025, செவ்வாய்

வாசலில் இராகுலன். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறாராம். பின்னால் ஒருவர் போனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்கள் துணிஞ்ச ஆள். உவங்கள் நோயும் களவும் கொண்டுவாற கூட்டம். இதை உங்கட வாயால சொன்னாத்தான் எடுபடும்."

"தம்பி, நான் சொன்னது முதலாளியைப் பற்றி."

"அவரைப் பிறகு பாப்பம் அக்கா."

எப்படிப் பார்ப்பார்? முதலாளியின் வான் வண்டியில்தான் இவருடைய சுவரொட்டிக் கட்டுகள் கிடக்கின்றன. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வந்திருக்கிறார். படலையைச் சாத்தினேன். போன் விழுந்த சத்தம் கேட்டது. சந்தோசமாக இருந்தது.

ஒருத்தர் என்னை இனவாதி என்று திட்டுகிறார். மற்றவர் இனவாதி என்று நினைத்து மாலை போட வருகிறார். நான் என்ன சொன்னேன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

02.05.2025, வெள்ளி

தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன். முதலாளியின் பெயர், வாடியின் விலாசம், எல்லாம் சொன்னேன். அந்த ஆறு பேரின் பெயரையும் கேட்டார்கள். தெரியாது என்றேன். ஒரு மாதமாக ஒரே வாடியில் நின்றும் நான் கேட்கவில்லை.

08.05.2025, வியாழன்

வந்தாங்கள். பொலிஸ் ஜீப் ரெண்டு. நேரே கொட்டிலுக்குப் போய் ஆறு பேரையும் இழுத்து ஏத்தினாங்கள். முதலாளி எங்க? கந்தளாயில, மகள் வீட்டில. யாரோ அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்கினம். எனக்கு வேற என்ன விளக்கம் வேணும்?

பாஸ்போட் எங்கே எண்டு கேட்டாங்கள். அவங்கள் கந்தோரைக் காட்டினாங்கள். அலுமாரி பூட்டு. திறப்பு முதலாளியோட. அப்ப பாஸ்போட் இல்லாத ஆக்கள் எண்டு எழுதியாச்சு.

ஜீப்பில ஏறேக்க ஒருத்தன் என்னைப் பாத்து "அக்கா" எண்டான். வந்த அண்டைக்கு என்ர பலகையில குந்தியிருந்தவன். அவனுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்ச் சொல். உதவி செய் எண்டு கேட்டவனோ, நீதானே செய்தனி எண்டு கேட்டவனோ?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் குடுத்தது முதலாளிக்கு எதிராய். முதலாளிக்கு எதிராய்.

09.05.2025, வெள்ளி

முதலாளி திரும்பிவிட்டார். அவர்களை அவர் வேலைக்கே வைக்கவில்லையாம். போக்கிடம் இல்லாமல் நின்றவர்களை இரக்கப்பட்டுத் தங்க விட்டாராம். பாஸ்போர்ட்டைக் கண்ணாலும் காணவில்லையாம்.

14.05.2025, புதன்

நானும் பரீதா ராத்தாவும் பொலிசுக்குப் போனோம். நான் கூப்பிடவில்லை. பஸ் தரிப்பிடத்தில் எனக்கு முதலே வந்து நின்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ராத்தா" என்றேன். "எதுக்கு? வா, வெயில் ஏறப்போகுது" என்றார்.

அங்கே முதலாளியும் இருந்தார், சட்டத்தரணியோடு. என்னைக் கண்டதும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "நீர்தானே உவங்கள் வேண்டாம் எண்டு நிண்டனீர்? இப்ப என்ன திடீர்ப் பாசம்?"

இந்த முறை பதில் அங்கேயே வந்தது.

"பாசமில்லை. இப்பவும் வேண்டாம் எண்டுதான் சொல்றன். அவங்கள் இப்பிடி வந்திருக்கக் கூடாது. நீங்கள் வைச்சிருந்திருக்கவும் கூடாது. ஒரே பிழையில அவங்களுக்கு மறியல்வீடு, உங்களுக்குக் கதிரையோ? நீங்கள் ஆறு பாஸ்போட்டையும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினதைக் கண்டனான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

பரீதா ராத்தா, "நானும் கண்டன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வரும்போது முதலாளி, இனி வாடிப் பக்கம் தலை காட்டக் கூடாது என்றார். காட்டுகிற எண்ணம் எனக்கும் இல்லை.

கடையில் பிளேன்ரீ குடித்தோம்.

03.06.2025, செவ்வாய்

ஆறு பாஸ்போர்ட்டும் கிடைத்துவிட்டன. வான் வண்டிச் சீற்றுக்குக் கீழே இருந்தனவாம், எப்படி வந்தனவென்று முதலாளிக்குத் தெரியாதாம். வழக்குப் போட்டிருக்கிறார்கள். பிணையில் நிற்கிறார். வாடி பூட்டு.

வேலை இழந்த மற்றப் பெண்கள் இரண்டு பேர் சந்தையில் என்னைக் கண்டும் காணாத மாதிரிப் போனார்கள். அவர்களோடு கோபிக்க ஏலாமல் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

17.06.2025, செவ்வாய்

அவர்களை இந்தக் கிழமை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். சரிதான். அதுதான் சட்டம். இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றமில்லை, யார் என்ன பெயர் வைத்தாலும்.

பரீதா ராத்தாவின் மச்சான் வீட்டு வளவில், கிண்ணியாவில், பாய் விரித்துச் சொந்தமாகக் கருவாடு போடத் தொடங்கியிருக்கிறோம். நாலு பெண்கள். இன்றைக்கு முதல் நாள். கீரிமீன் மலிவாக வந்தது. வெட்டி, கழுவி, உப்புப் போட்டு முடிய வெயில் சாய்ந்துவிட்டது. வழக்கம்போல் கறிமீன் ஒதுக்கிக் கூறு போட்டேன். போட்டு நிமிர்ந்து பார்த்தால் பத்துக் கூறு கிடந்தது.

ராத்தா எண்ணிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கணக்குப் பிழைச்சிட்டுது" என்றேன்.

அவர் மிச்ச ஆறு கூறையும் அள்ளி வாளிக்குள் போட்டார். "உப்புப் போட்டு வைப்பம், கிடக்கட்டும்" என்றார்.