சால்வை வேண்டாமென்ற அக்காவுக்கு

என் அன்பு அக்கா,

நீ நர்சாக இருந்த நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேற்று டாக்டர் வந்துவிட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை; இங்கேயே தங்கப்போகிறவர். திட்டக்குடிப் பக்கத்துப் பெண். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, ஆனாலும் முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

செல்வியை நினைத்துக்கொண்டேன். எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த அவளை வலிப்போடு உன்னிடம் தூக்கி வந்தார்களே, அந்த வியாழக்கிழமை மதியம். டாக்டர் வராத நாள். நிலையத்து ஜீப்பும் ரிப்பேருக்குப் போயிருந்தது. பட்டறையிலிருந்து பீங்கான் சாமான் ஏற்றிக்கொண்டு சேத்தியாத்தோப்புக்குப் போகும் வழியில், சாப்பிடலாமென்று நான் வீட்டில் லோடு வண்டியை நிறுத்தியிருந்தேன். பெட்டிகளை வாசலிலேயே இறக்கிப் போட்டு, சாமான் உடையாமலிருக்க வைத்திருந்த வைக்கோலை வண்டியில் பரப்பி அவளைப் படுக்கவைத்தோம். கருவேப்பிலங்குறிச்சி தாண்டியதும் மறுபடியும் வலிப்பு. நீ பதறவே இல்லை. நிறுத்தாமல் போ என்று மட்டும் பின்னாலிருந்து சொன்னாய். விருத்தாசலத்தில் ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் பிழைக்கவைத்தார்கள்.

அடுத்த கிராம சபையில் உனக்குச் சால்வை போர்த்த ஏற்பாடு. நம்ம நர்சம்மா இருக்கும்போது டாக்டர் எதற்கு என்று தலைவர் பெருமையாகப் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். நீ எழுந்து நின்றாய். குரல் நடுங்கியது.

"நான் டாக்டர் இல்லீங்க. அன்னிக்கு என் தம்பி வண்டி வூட்டாண்ட நின்னுச்சு, அதனால பொழச்சாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பேர என் கையிலயே பறிகொடுத்திருக்கேன். சால்வ வேணாங்க. டாக்டர் வேணும்னு தீர்மானம் எழுதுங்க."

அந்த இரண்டு பேரைப் பற்றி வீட்டில் ஒருநாளும் நீ சொன்னதில்லையே, அக்கா. தனியாக எப்படித் தாங்கினாய்?

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு மூன்று முறை கடலூருக்குப் போய் மனு கொடுத்தாய். கிராமத்துக்கு எந்த டாக்டர் வருவார் என்று டீக்கடையில் ஏசினார்கள். நீ யாரையும் ஏசவில்லை. "தங்க எடமில்ல, தண்ணியில்ல. ஒத்த ஆளா ராவும் பகலும் பாருன்னா யாருதான் இருப்பாங்க?" என்று கேட்டு, பூட்டிக் கிடந்த குவார்ட்டர்ஸுக்கு ஊராரை வைத்தே ஓடு மாற்றவைத்தாய். நான்காம் முறை கிளம்ப இருந்தபோதுதான் அந்த மாரடைப்பு.

நேற்று வரிசையில் முதல் ஆளாகச் செல்வி நின்றாள், அன்று பிழைத்த பெண்குழந்தைக்குக் காதுவலி என்று. டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இங்கே நர்ஸ் யார் என்று கேட்டார். உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, அக்கா. இந்தப் பெண்ணும் ஒற்றை ஆளாகவே எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்?

வருகிற கிராம சபையில் நான் எழுந்து நிற்கப்போகிறேன். கூட்டத்தில் வாய் திறந்தவன் இல்லை நான், உனக்கே தெரியும். என் குரலும் நடுங்கத்தான் செய்யும். நர்ஸ் வேண்டுமென்று அவர்கள் எழுதி முடிக்கும்வரை உட்கார மாட்டேன்.

உன்கூடப் பிறந்த பெருமையோடு,
உன் தம்பி ராசு