கீறல் விழாத வெள்ளைக் கடிகாரம்

ஏப்ரல் 4, வியாழன்

இன்று என் சலவை முறை. கீழே பொதுச் சலவை அறைக்குப் போனால் கொடி முழுக்க உகெத்தின் காலுறைகள். புதன்கிழமை அவள் முறை. இருட்டுவதற்குள் அறையைக் காலி செய்து சாவியை என் கதவில் மாட்ட வேண்டும் என்பது இந்தக் கட்டடத்துச் சட்டம். அதை எழுதிச் சுவரில் ஒட்டியதே அவள்தான். ஒவ்வொரு காலுறையாக எடுத்து, ஈரத்தோடு வாளியில் போட்டு, நாலாம் மாடியில் அவள் கதவு முன்னால் வைத்துவிட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை. அடித்தால் "அடடா சம்பந்தி, மறந்தே போச்சு" என்பாள். அவளுக்கு எதுவும் மறக்காது.

சம்பந்தி! என் மகள் லொரெதானா இந்த மாடிப்படியில் அவள் மகன் செத்ரிக்கைப் பார்த்து மயங்காமல் இருந்திருந்தால் எனக்கு இந்த வார்த்தையே தேவைப்பட்டிருக்காது.

ஏப்ரல் 6, சனி

வாங்கிவிட்டேன். அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் இருக்கிறது.

பேத்தி நொயெமிக்குப் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அவர்கள் புராட்டஸ்டன்ட் கோயிலில் திடப்படுத்தல், ஞானஸ்நான வாக்கைப் பிள்ளை தன் வாயாலேயே உறுதி சொல்லும் நாள். அதற்குப் பிள்ளைக்கு முதல் நல்ல கைக்கடிகாரம் கொடுப்பது இங்கே வழக்கம். கொடுப்பது ஞானத்தாய். ஞானத்தாய் யார்? உகெத். ஞானஸ்நானத்தின்போது நானும் ஆசைப்பட்டுக் கேட்டேன். "நீங்க கத்தோலிக்கர் ஆச்சே" என்றாள், ஏதோ தோல் வியாதியைச் சொல்வதுபோல. பிள்ளைக்கு இப்போது பதினைந்து வயது. நான் மறக்கவில்லை.

தன் அம்மாவின் தங்கக் கடிகாரத்தைக் கொடுக்கப்போகிறாளாம். நகம் அளவு. மணி பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கொடுக்கட்டும். நான் முந்திக்கொள்வேன். அந்த ஞாயிறு நொயெமி கையில் இருக்கப்போவது என்னுடையது.

என்னுடையது வெள்ளைச் செராமிக். நான் வேலை பார்த்த பட்டறையில் செய்தது. மாவு போன்ற பொடியை அச்சில் அழுத்தி உலையில் வைத்தால் சுருங்கிச் சுருங்கி இறுகி வெளியே வரும். அப்புறம் எஃகு அரம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வைரத்தூள் ஒன்றுதான் அதைத் தொடும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெர்கமோ மலையில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பதினெட்டு வயதில் ரயிலேறி இந்தக் கடிகார ஊருக்கு, லோக்லுக்கு, வந்தவள் நான். வைரத்தூள் தொட்டு மெருகு போட்ட விரல் இது. உகெத் தொட்டது பியானோ. அதுவும் சரியாக வராது, நாலு மாடிக்கும் கேட்கும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

உகெத் வீட்டில் சாப்பாடு. அந்தக் கல்மேசை. அவள் தாத்தா மலையில் வெட்டி எடுத்த கல்லாம். "இதுக்கு விரிப்பு போட்டதே கிடையாது, எங்க வீட்டு வழக்கம்" என்று இன்றும் சொன்னாள். தொத்திறைச்சி வேகவே இல்லை.

பழம் வந்ததும் பெட்டியைத் திறந்தேன். "ஐயோ பாட்டி!" என்று நொயெமி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உகெத்தின் முகம் – இதை எழுதிவைக்க வேண்டும் – திரிந்த பால்.

"அழகா இருக்கு" என்றாள். "பீங்கான் மாதிரிதானே? எங்க குளியல் தொட்டியும் இதே வெள்ளைதான்."

செத்ரிக் சிரித்தான். மாமியார் எதிரில் சிரிக்கிறான்.

"தொட்டியைக் கத்தியால கீறிப் பாத்திருக்கீங்களா சம்பந்தி?" என்று ரொட்டிக் கத்தியை எடுத்தேன். "அம்மா!" என்று லொரெதானா கத்தக் கத்த, கடிகாரத்தின் பக்கவாட்டில் அழுத்தி இழுத்தேன். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"பாத்தீங்களா, கீறல்!" உகெத் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

கைத்துண்டால் ஒரு துடை. கோட்டைக் காணோம். "அது கத்தியோட அழுக்கு. தேஞ்சது உங்க கத்தி. கடிகாரம் இல்ல."

"கீறாது, சரி. உடையாதா?"

"உடையறதா? யானை மிதிச்சாலும் உடையாது!" என்று சொல்லி, கடிகாரத்தைக் கல்மேசை ஓரத்தில் ஒரு தட்டு தட்டினேன். டங் என்றது. உகெத்தின் கிண்ணம் சாய்ந்து, சிவப்பு ஒயின் மேசையெல்லாம் ஓடி, கடிகாரம் அதில் குளித்தது. எடுத்துத் துடைத்தேன். வெள்ளை வெளேர். ஒரு கறை இல்லை.

"என் கல்லுல கறை பிடிக்கும்" என்றாள் உகெத்.

"அப்ப உங்க கல்லைவிட என் கடிகாரம் உசத்தி."

நொயெமி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் இப்படி ஒரு ஞாயிறு எனக்கு வாய்த்ததே இல்லை.

ஏப்ரல் 15, திங்கள்

உருளைக்கிழங்கு உரிக்கும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

வகுப்பில் பையன்கள் காம்பஸ் முள்ளால் கீறிப் பார்த்தார்களாம். முள்தான் மழுங்கியதாம். நொயெமி தொலைபேசியில் சொன்னாள்.

மாடிப்படியில் உகெத் வழிமறித்தாள்.

"எங்கம்மா கடிகாரம் மூணு தடவை கீழ விழுந்திருக்கு. நசுங்குச்சு, தட்டி நிமித்தினோம். உங்களோடது விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"விழாது."

"விழுந்தா?"

"என் பேத்தி பொருளைக் கீழ போடற ரகம் இல்ல."

"என் பேத்தியும்தான்" என்று சொல்லிவிட்டு மூச்சிரைக்க ஏறினாள். கடைசி வார்த்தை எப்போதும் அவளுக்கே வேண்டும். ஏறட்டும், நாலு மாடி.

ஏப்ரல் 25, வியாழன்

சலவை அறையில் தண்ணீர் போகும் சல்லடைமேல் வெள்ளையாக ஒரு துண்டு. யாருடைய பல்லோ என்று நினைத்தேன். எடுத்ததும் விரலுக்குத் தெரிந்துவிட்டது. கடிகாரத்தின் காது – வார் மாட்டுகிற முனை. என் கடிகாரத்துக் காது.

நேற்று புதன். நேற்று இந்த அறை அவளுடையது. புதன் மதியம் பள்ளி கிடையாது என்று நொயெமி வந்து அவளுக்கு விரிப்பு மடித்துக் கொடுப்பாள். அவளுக்கு. எனக்கு இல்லை.

நொயெமியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். "கடிகாரம் எங்கேம்மா?"

"வீட்ல பத்திரமா இருக்கு பாட்டி."

பொய். துண்டு என் ஏப்ரன் பையில் இருக்கிறது. பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டாள் அந்த மகராசி.

ஏப்ரல் 26, வெள்ளி

ஏறிப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்கார்ந்திருக்கமாட்டேன்.

"கடிகாரம் எங்கே?"

"என் பொறுப்புல இருக்கு."

"பிள்ளை பொருள் உங்க பொறுப்புல எதுக்கு?"

"உடைஞ்சிருக்கு. அதுக்குமேல கேக்காதீங்க."

"தானா உடைஞ்சுதா? சுத்தியல எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க, காட்டுங்க!"

கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். கதவைச் சாத்தினாள் – படாரென்றுகூட இல்லை. மெதுவாக, உள்ளே நோயாளி தூங்குவதுபோல.

குற்றம் இல்லாதவள் கத்துவாள். இவள் கத்தவில்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்: உடைத்தது உகெத்.

ஏப்ரல் 28, ஞாயிறு

லொரெதானா வந்தாள். கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"நொயெமி முகத்துல எப்படிம்மா முழிப்பே?"

எப்படி முழிப்பதா? அவ தங்கத்தைப் பிள்ளை கையில கட்டறதை நான் முன் பெஞ்சில உக்காந்து பாக்கணுமா? கை வேற தட்டணுமா? எனக்கென்ன தலையெழுத்து? இந்த ஊர்ல பாதிப் பேர் கையில இருக்கற கடிகாரத்துல என் வேர்வை இருக்கு. வரமாட்டேன். சொன்னா சொன்னதுதான்.

"உங்கிட்ட பேச முடியாதும்மா" என்று மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஐந்தாம் வகுப்பு என்பதை அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

மே 1, புதன்

ஊர்வலத்து மேளம் ஜன்னல்வரை வந்தது. என்னைப் பார்க்க ஆள் ஒருவரும் வரவில்லை.

மே 8, புதன்

நொயெமி. மேலே போகவில்லை, நேராக என் கதவுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"மேல்மாடிப் பாட்டி ஒண்ணும் பண்ணலை. நான்தான். துவைக்கற மெஷின் கதவுல வார் மாட்டிக்கிச்சு. இழுத்தேன். லேசாதான் இழுத்தேன் பாட்டி. காது பிஞ்சு வந்துடுச்சு, தண்ணியில விழுந்துடுச்சு. சத்தியமா லேசா."

"என்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"யானை மிதிச்சாலும் உடையாதுன்னீங்க எல்லார் முன்னாடியும். நான் இழுத்ததுக்கே உடைஞ்சுதுன்னா உங்களை எல்லாரும் சிரிப்பாங்கல்ல?"

சொல்லாதீங்க என்று மேல்மாடிப் பாட்டியிடம் அழுதிருக்கிறாள். அவளும் வாக்குக் கொடுத்து, கடிகாரத்தைப் பக்கத்து ஊர் கடிகாரக்காரரிடம் கொண்டுபோயிருக்கிறாள். புது உடம்பு மாற்றி, எனக்குத் தெரியாமலே பிள்ளை கையில் கட்டிவிடுவதாகத் திட்டம்.

சூப் கொடுத்து அனுப்பினேன். ஆனால் நம்பவில்லை. லேசான இழுப்புக்குச் செராமிக் உடையுமா? யாரிடம் கதை? மேலே இருப்பவள் சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கிறாள்.

மே 9, வியாழன்

விண்ணேற்றத் திருநாள். துவைக்கக் கூடாது. கை சும்மா இருந்தது.

துண்டை ஜன்னலடியில் வைத்து, பட்டறை லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன். உடைந்த முகம் சர்க்கரைக்கட்டி மாதிரி வெள்ளை. ஆனால் ஓரத்தில் ஒரு பிறை. நகம் வெட்டிய துணுக்கு அளவு. ரோஜா நிறம்.

புதிதாக உடைந்த இடத்தில் நிறம் இருக்காது. நிறம் ஏறியிருந்தால் அங்கே முன்பே விரிசல் திறந்திருக்க வேண்டும். திறந்த விரிசல் மேலே பட்டதைக் குடிக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் பட்டறையில் சாயத்தில் முக்குவோம். இது சாயம் இல்லை.

ஒயின்.

டங் என்றதே. அந்த டங்.

மே 10, வெள்ளி

கீறலையே நினைத்துக்கொண்டிருந்தேன். கீறுவது வேறு, உடைவது வேறு. இது நசுங்காது, வளையாது. ஒரு மூலையில் அடிபட்டால் மேலே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே விரிசல் விட்டுவிடும். வேலைக்கு வந்த புதுப் பெண்களுக்கு நானே சொல்லுவேன்: கல்லில் வைக்காதே, கீழே போடாதே.

அவள் மட்டும் "உடையாதா" என்று கேட்காமல் இருந்திருந்தால்! அவள்தான் என்னை –

இல்லை.

மே 13, திங்கள்

ஏறினேன். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். திரும்பிவிடலாமா என்றும் பார்த்தேன்.

"ஒயின்" என்றேன் கதவு திறந்ததும். வேறு வார்த்தை வரவில்லை.

"தெரியும்" என்றாள் உகெத். "கடிகாரக்காரர் போன வாரமே சொல்லிட்டார். பழைய விரிசலாம். மத்த பாதியிலயும் சிவப்பு இருக்கு."

"கீழ வந்து ஏன் சொல்லலை? நான் அவ்வளவு கத்தினேனே."

"சொன்னா ஒத்துப்பீங்களா? என் கல் மேலதான் தப்புன்னிருப்பீங்க."

நேற்றுவரை அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

"லொரெதானாகிட்ட சொல்லியாச்சா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? உடைச்சது நீங்க."

புது உடம்பு ஜூன் கடைசியில்தான் வருமாம். அந்த ஞாயிறுக்கு இல்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. அது இன்னும் எரிச்சல்.

"சுத்தியல்னு சொன்னேனே, அது..." என்று ஆரம்பித்தேன்.

"அதை நான் மறக்கமாட்டேன்" என்றாள்.

சரி. எனக்கு அது பிடித்திருந்தது. ஞானஸ்நானத்தை நானும் மறக்கப்போவதில்லை.

மே 15, புதன்

நொயெமியை உட்காரவைத்து லென்ஸைக் கொடுத்தேன். பிறையைக் காட்டினேன். "உடைச்சது நீ இல்லடி. அன்னிக்கே உடைஞ்சாச்சு. நான்தான்."

வெகு நேரம் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, "அப்ப யானை நீங்கதானா பாட்டி?" என்றாள்.

முதுகில் ஒரு அடி வைத்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். லொரெதானாவிடமும் நானே சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "ஞாயிறு பத்து மணிக்கு வண்டி வரும்" என்றாள்.

மே 19, ஞாயிறு

போனேன். பிரசங்கம் நீளம், படம் இல்லாத, சிலை இல்லாத கோயில், கண்ணை எங்கே வைப்பது?

வெளியே வந்ததும் உகெத் தன் கைப்பையிலிருந்து தங்கக் கடிகாரத்தை எடுத்தாள். நொயெமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கொக்கியோடு மல்லாடினாள். அவள் விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடிகாரத்தை என் பக்கம் நீட்டினாள்.

"கட்டிவிடுங்க. பாத்து, தங்கம். கீறிடும்."

மாட்டினேன். ஒரே தரத்தில் மாட்டினேன். நகம் அளவுக் கடிகாரம். பிள்ளை கைக்கு அழகாகத்தான் இருந்தது. இதை இங்கே தவிர வேறெங்கும் சொல்லமாட்டேன்.

ஜூன் 27, வியாழன்

கொடியில் மறுபடியும் அவள் காலுறைகள். காய்ந்திருந்தன. ஜோடி சேர்த்து வாளியில் போட்டு மேலே வைத்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

வெள்ளைக் கடிகாரம் வந்துவிட்டது. புது உடம்பு, பழைய இயந்திரம். நொயெமி கட்டிக்கொண்டு வந்தாள். உகெத் வீட்டில் சாப்பாடு.

உள்ளே போனதும் லொரெதானா நின்றுவிட்டாள். கல்மேசைமேல் தடித்த கம்பளி விரிப்பு. நாலு ஓரமும் மறைய, முழங்கால்வரை தொங்கியது.

"என்ன அத்தை, மேசைக்கு விரிப்பா?"

"கல்லு சில்லுனு இருக்கு" என்றாள் உகெத்.

ஜூன் மாதம். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. என் கிண்ணத்தில் அவளே ஒயின் ஊற்றினாள். பாதிதான்.