எல்லாரிடமும் கேட்கிற கேள்வி

மார்ச் 3, செவ்வாய்

இன்று முப்பத்தெட்டு பேர். பாதிக்கு மேல் நெஞ்சு எக்ஸ்ரேதான், ஊரே இருமுகிறது. மத்தியானம் மெஷின் ஒரு மணி நேரம் படுத்துக்கொண்டது. நல்லதாகப் போயிற்று என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

அன்று மச்சான் சாப்பிட வந்திருந்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டு பெண்கள் ஜோடியாகக் குடித்தனம் நடத்துகிறார்களாம். கிண்டலாக ஏதோ சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் சொன்னதற்கு ஒரு படி மேலே போய் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. என் பையன், சின்னவன், எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பெரியவள் மட்டும் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

இருபத்தைந்து வயதுப் பெண். கல்யாணப் பேச்சை எடுத்தாலே இடத்தைக் காலி செய்கிறவள். அவளும் அந்தப் பெண்களைப் போலத்தானோ என்று எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

மார்ச் 5, வியாழன்

பெரியவளுக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறதாம். அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். 22ஆம் தேதி கிளம்புகிறாள். அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் இல்லை. அங்கே இரண்டு ரூம் வீடு பார்த்தாகிவிட்டதாம். "ஒருத்திக்கு எதுக்குடி ரெண்டு ரூம்?" என்று என் வீட்டுக்காரி கேட்டாளாம். "தேவைப்படும்மா" என்றாளாம்.

அப்படியென்றால் கூட இருக்க யாரோ வரப்போகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அதில் எனக்கு ஒரு பயமும் இல்லை.

பொய். அதிலும் பயம்தான். மச்சான் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்கிற பயம். ஆனால் இன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட வைத்தது அது இல்லை. போனால் திரும்பி வரமாட்டாள். மாதத்துக்கு ஒரு போன் செய்வாள். எப்படி இருக்கீங்கப்பா, நல்லா இருக்கேம்மா, வெச்சுடட்டுமா. பெற்ற அப்பனிடம் சொல்ல முடியாமல் மூட்டை கட்டுகிறாள். நான் சொன்ன அந்த ஒரு கிண்டலுக்காக.

போவதற்குள் கேட்டுவிட வேண்டும். ஆனால் எப்படி?

மார்ச் 6, வெள்ளி

கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் குளியலறையில் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன் — "உனக்கு அப்பாகிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லும்மா." வெளியே வந்தால் பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"புது வீட்டுல தண்ணி ஒழுங்கா வருமா?" என்று கேட்டேன்.

"வரும்ப்பா."

அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள் என்று அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம். அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. இன்னும் பதினாலு நாள்.

மார்ச் 10, செவ்வாய்

இத்தனை பெரிய முட்டாளா நான்! இருபத்தாறு வருஷமாக நான் செய்கிற வேலையே இதுதானே?

எக்ஸ்ரே எடுக்க வரும் எந்தப் பெண்ணிடமும் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்காமல் பட்டனைத் தொடக் கூடாது. கல்யாணமாகாத பெண்ணிடமும் கேட்க வேண்டும், மாமியாரோடு வந்த பெண்ணிடமும் கேட்க வேண்டும். அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். முகத்தைப் பார்க்காமல் கையில் இருக்கும் படிவத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். "எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். முக்கியமானது — என்ன பதில் வந்தாலும் முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். இன்றுவரை ஒருத்திகூட என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

அப்படித்தான் கேட்க வேண்டும். அவளை மட்டும் கேட்டால் குத்திக்காட்டுவதுபோல் இருக்கும். எல்லாரிடமும் கேட்பதுதான் என்று ஆக வேண்டுமானால் முதலில் சின்னவனிடம் கேட்டுவிட வேண்டும். அவன் "போங்கப்பா" என்று சிரிப்பான். அதே சூட்டில் அவளிடமும் கேட்டுவிடலாம்.

மார்ச் 12, வியாழன்

எழுத முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணி. வீட்டுக்காரி டியூஷன் எடுக்கப் போயிருந்தாள். பெரியவள் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவன் கட்டிலில் புத்தகத்தோடு படுத்திருந்தான். கையில் அவனுடைய பரீட்சை டைம்டேபிளை எடுத்துவைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே கேட்டேன். "எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா நெனச்சுக்காதே. உனக்குப் பொண்ணுங்களைப் பிடிக்குமா, பசங்களைப் பிடிக்குமா?"

சிரிப்புச் சத்தம் வரவில்லை. நிமிர்ந்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருப்பா சொன்னா உங்களுக்கு? அக்காவா?"

ஐயோ. அவனா. என் சின்னவனா.

நான் என்ன செய்தேன்? ஏதாவது சொன்னேனா? கட்டிலில் உட்கார்ந்தேனா? இருபத்தாறு வருஷப் பழக்கம். முகத்தில் எதையும் காட்டவில்லை. "சரி" என்று தலையாட்டினேன். டைம்டேபிளை மேஜையில் வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

ஹாலில் வந்து நின்ற பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. திரும்ப உள்ளே போகலாம் என்று நினைப்பதற்குள் பையை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான். என்னைப் பார்க்கவில்லை. வாசல் கதவு அறைந்து சாத்திய சத்தம். போன் போட்டால் எடுக்கவில்லை. பிறகு அணைத்தே வைத்துவிட்டான்.

மார்ச் 13, வெள்ளி

ராத்திரி வரவில்லை. அம்மாவுக்குப் பெரியவளே ஒரு காரணம் சொல்லிவிட்டாள் — நண்பனோடு சேர்ந்து படிக்கிறானாம்.

காலையில் பஸ் ஸ்டாப் வரை என்கூட நடந்துவந்தாள். "பத்திரமா இருக்கான். எங்கேன்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க."

"அன்னிக்கு நீதானம்மா எழுந்து போனே..."

"அவனைப் பாக்க முடியாமத்தான் எழுந்து போனேன். அவன் எதுக்கு அவ்ளோ சத்தமா சிரிச்சான்னு நெனச்சீங்க? பயத்துல சிரிச்சான்ப்பா. அந்த ரெண்டாவது ரூம் அவனுக்குத்தான். பரீட்சை முடிஞ்சதும் வந்துடுன்னு சொல்லியிருக்கேன்." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். "என்னைப் பத்தித் தெரியணும்னா, எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும். கல்யாணம்தான் பிடிக்கல. போதுமா?"

பதினோரு மணிக்கு ஒரு பெரியவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன். படம் எடுத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். நான் விடச் சொல்லாததால் பாவம், மனுஷன் முகம் சிவந்து நெளியும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பயிற்சியில்கூட நான் செய்யாத தப்பு. அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். ஏனோ அழுகை வந்துவிட்டது. "பரவால்ல தம்பி, இதுக்கா?" என்றார்.

மார்ச் 14, சனி

ஒரு வயசில் மாடிப்படியிலிருந்து உருண்டான், அப்போது பயந்தேன். அது ஒரு நிமிஷப் பயம். இது விடவே மாட்டேன் என்கிறது. பத்திரமாக இருக்கிறான் என்று அவள் சொல்கிறாள். பத்திரம் என்றால்? சாப்பிடுகிறானா? தனியாக இருக்கிறானா? தனியாக விடாதே என்று அவளுக்கு மூன்று தடவை மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

சின்னவனுக்கு ஒரு சீட்டு எழுதிப் பெரியவளிடம் கொடுத்தேன். "நான் கேட்டதற்கு விளக்கம் சொல்கிறேன். அன்றைக்கு அப்படிப் பேசியது தப்பு, என்னை மன்னித்துவிடு." படித்தாள். முதல் வாக்கியத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். மிச்சத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 16, திங்கள்

வந்தான்.

மத்தியானம் டோக்கன் கூப்பிட வெளியே வந்தால், பெஞ்சில் கட்டுப் போட்ட ஒருவருக்கும் இருமுகிற அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். நாலு நாள் தாடி. கூப்பிட்ட ஆளுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு வரும்வரை எழுந்து போய்விடுவானோ என்று மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன்.

"கோவமாப்பா?"

"இல்லடா. பயம்."

"என்மேலயா?"

"உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. நீ வராமயே போயிடுவியோன்னு."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு உங்களைப் பாத்துத்தான் பயம். பன்னண்டு வயசுலேர்ந்து."

கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலியில் ஏறி நிற்கிறவன் நான். வீட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். என்னைப் பார்த்து ஒரு குழந்தை எட்டு வருஷமாக நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்ல? அவன் தோளில் கை போட்டேன். தோள் கட்டை மாதிரி விறைத்திருந்தது. கையை எடுக்கவில்லை. இருமுகிற அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டில் சாப்பிட்டான்.

மார்ச் 19, வியாழன்

"அம்மாகிட்ட இன்னிக்குச் சொல்லிடலாம். நீங்களும் பக்கத்துல இருங்க" என்று போன் செய்தான். வேலை முடிந்து வந்தபோது பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தான். எங்கள் பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று.

"உங்களுக்கும் கைகால் நடுங்குதாப்பா?"

"நல்லாவே நடுங்குது."

மூன்றாவது பஸ்ஸில் அவன்தான் முதலில் ஏறினான்.

மார்ச் 21, சனி

வீட்டுக்காரி என்னோடு பேசவில்லை. ஒரு வாரம் தெரிந்துவைத்துக்கொண்டு அவளிடம் மறைத்துவிட்டேனாம். "என் புள்ள நாலு நாள் எங்கேயோ கெடந்தான், நீங்க என்கிட்ட வாயத் திறக்கல" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. தட்டை டொக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள்.

இதை நான் ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அவனோடு ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது.