போணிக்குக் கொடுத்தது

அன்பு மகளுக்கு,

வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போகும் வழியில், கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் உன் அண்ணன் சுதாகர் காரிலேயே இறந்துவிட்டான். போனில் சொன்னதும் நீ வைத்துவிட்டாய். வர முகமில்லை என்று நேற்று மெசேஜ் மட்டும் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

லண்டனில் முகம் தெரியாத ஒருவருக்கு நீ சிறுநீரகம் கொடுத்தபோது சுதாகர் நன்றாகத்தான் இருந்தான். உயிர் என்று வந்தால் சொந்தம், அந்நியம் என்று பார்ப்பது அறமா என்றுதான் நீ அங்கே பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதியிருக்கிறாய். உன்னை மறுக்கும் பேராசிரியர்களும் உண்டு என்றாய். நீ கொடுத்ததைக் கேட்டு நான் சத்தம் போட்டேன். “கடையில போணிக்கு வர்றவங்க சொந்தமான்னு பாத்தா கொடுக்கறீங்கப்பா?” என்று கேட்டாய். காலையில் கடைக்கு முதலில் வந்தவர் கேட்ட விலைக்கே பட்டுப்புடவையைக் கொடுத்துக் கடை வளர்த்தவன் நான்.

பிறகு இவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாயின. எனக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை இருப்பதால் எங்களுடையது ஆகாது என்றார்கள். “இன்னா பண்றதுப்பா, தங்கச்சி போணிக்கே சரக்க முடிச்சிட்டா” என்று சுதாகர் சிரித்தான். அவனுக்கு உன்மேல் கோபமில்லை. அம்மாவுக்கு உண்டு. என்னுடையதைக் கேட்காதே.

இதற்காக உன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடாதே. அந்த லண்டன்காரர் நன்றாக இருக்கிறாரா?

பதினாறாம் நாள் காரியத்துக்கு வா. நான் எதையும் கேட்கமாட்டேன். நீயும் நியாயம் பேசக்கூடாது. அம்மா அடித்தால் வாங்கிக்கொள். அதன்பின் அவளைச் சாப்பிட வைப்பது உன் பொறுப்பு.

அப்பா