பொத்தானுக்கு இறங்காத பாய்

ரங்கூன், 12.1.1999

கண்ணியமிக்க வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிச் சிராய்ப்பைத் தவிர நான் நலம். உங்கள் முதுகுவலியும் உம்மாவின் கோபமும் குறைந்தனவா?

போட்டாதாங் துறைக்கு ஒரு வெள்ளைக்காரரின் சொகுசுப் பாய்மரப் படகு வந்திருக்கிறது. உள்ளே ஏசி, ஃபிரிட்ஜ், வெந்நீர்க் குழாய். உங்கள் தோணியில் இருந்தது ஒரு மண்ணடுப்பு. பொத்தானை அழுத்தினால் பாய் தானே ஏறும், இறங்கும். நேற்று காற்று எழுந்தபோது உச்சியில் கயிறு சிக்கி, பாய் இறங்க மறுத்தது. படகு துறையில் மோதப் பார்த்தது. என் கடையிலிருந்து கயிறு கொடுக்கப் போன என்னை, கிடங்குக் கணக்குப்பிள்ளை தனசேகரன் பர்மிய மரியாதையாக ‘கோ’ போட்டு அழைத்துச் சிரித்தார்.

“என்ன கோ கபீர், தோணிக்காரர் மவன்னு டீக்கடையில அளப்பீங்களே, ஏறுங்க பாப்போம்.”

லுங்கியைத் தார்ப்பாய்ச்சி, காலில் கயிற்றுத் தளை மாட்டி, நீங்கள் ஏறுவது போலவே ஏறினேன். எனக்கும் மரத்துக்கும் நடுவே தொந்திதான் வழிவிடவில்லை. சிக்கை எடுத்ததும் பாய் சரசரவென்று இறங்கியது. துறையே கைதட்டியது. யாரிடம் கற்றாய் என்று வெள்ளைக்காரர் கேட்டார். “என் வாப்பா தோணித் தண்டல், உங்கள் ஊர்க் கேப்டன் மாதிரி” என்றேன். சொல்லிவிட்டு வாந்தி எடுத்தேன். கடல் எனக்கு ஆகாதென்று பதினெட்டு வயதில் கரையிறக்கினீர்களே, அது சரிதான்.

நீங்கள் சுக்கான் பிடித்து நிற்கும் படத்தை அனுப்புங்கள். கடையில் எதிரே மாட்டினால் பேச்சுத்துணையாக இருக்கும். கடிதம் கொண்டுவரும் அஷ்ஃபாக் வாசலில் அவசரப்படுத்துகிறான். மரத்தின் உயரத்தை உம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். ஊரில் மற்ற எல்லாரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
கபீர்