கதைக்காதே என்று சொன்னேன், மலர்

என் பிரியமான தவமலருக்கு,

நீ இருக்கும் இடத்தில் நேரத்துக்குத் தேத்தண்ணி கிடைக்கிறதா? இங்கே கிடைக்கிறது, கண்ணாடிக் குவளையில், பாதி நுரையோடு. நான் திருவனந்தபுரத்துக்கு வந்து இன்றோடு பத்தொன்பது நாள். எதுவானாலும் முதலில் உன்னிடம் சொல்லிப் பழகியவள், இதை மட்டும் இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன். கோபிக்காதே. அலுப்பு, மலர். வேறு காரணம் இல்லை.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் அறையில் இருபத்திரண்டு வருடம் உன் கதிரையும் என் கதிரையும் ஒட்டிக் கிடந்தன. இரண்டு பேரும் தமிழ்தான் படிப்பித்தோம், நீ எனக்கும் சேர்த்துப் படிப்பித்தாய். நீ போன அடுத்த மாதமே உன் கதிரையில் ஒரு புது ஆசிரியையைக் கொண்டுவந்து இருத்தினார்கள். நல்ல பிள்ளைதான். எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அது அநியாயம் என்று தெரிந்தும் பிடிக்கவில்லை. இங்கே ஒரு தனியார் பள்ளிக்குத் தமிழ் ஆசிரியை தேவையாம் என்று கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பித்தேன். முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். அதற்கும் சரியென்று வந்துவிட்டேன்.

சாலைக் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரும்புக் கடைக்கு மேலே எனக்கு அறை. காலையில் லாரியிலிருந்து கம்பி இறக்கும் சத்தத்தில்தான் எழும்புகிறேன். பள்ளிக்கு ஒரு பஸ், பிறகு ஒரு ஏற்றம், பிறகு மூன்று மாடி. என் முழங்காலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்த மறுநாள் அறையைக் கூட்டலாம் என்று சாலையில் ஒரு கடைக்குப் போனேன். "அண்ணை, தும்புத்தடி இருக்கோ?" என்றேன். கடைக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சேச்சிக்கு எந்தா வேண்டது?" என்று மலையாளத்தில் கேட்டார். தும்புத்தடி என்று ஒன்று அவருக்குத் தெரியவில்லை. மூலையில் இருந்த விளக்குமாற்றைக் காட்டி, நானும் தமிழ்தான் என்றேன். அவர் திருநெல்வேலிக்காரராம். "அப்படியா, நான் மலையாளம்னுல்லா நெனச்சேன். பரவால்லயே, தமிழ் நல்லாப் பேசுதீங்களே" என்று மனதாரப் பாராட்டினார். இருபத்தைந்து வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு நற்சான்றிதழ். நீ கூட இருந்திருந்தால் கடை வாசலிலேயே சிரித்துச் சிரித்து இருமல் பிடித்திருப்பாய்.

வெளிநாட்டவர் பதிவுக்குப் போனபோது மேசையில் இருந்த இளைஞன் படிவத்தை இரண்டு தரம் படித்தான். நாடு இலங்கை, தாய்மொழி தமிழ், வந்த காரணம் தமிழ். "தமிழ் படிப்பிக்கான் இவிடெ ஆளில்லாஞ்ஞிட்டாணோ டீச்சர் கடல் கடந்நு வந்நது?" என்றான், பகிடியாகத்தான். இங்கே ஆளில்லாமலா வந்தீர்கள் என்ற கேள்வி எனக்கு உறைக்கவில்லை. என் காது 'படிப்பிக்கான்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்கள் பாடம் நடத்துவார்கள், சொல்லிக்கொடுப்பார்கள். எங்களைப் போலப் படிப்பிப்பவன் ஒரு மலையாளியாக இருக்கிறான். இங்கே தமிழர் என்னை மலையாளி என்கிறார்கள், மலையாளிகள் என்னைத் தமிழ்நாட்டுக்காரி என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் யாரிடமாவது நான் இன்னாள் என்று விளக்கிச் சொல்லியே வாய் களைத்துப்போகிறது. புட்டுக்கு மட்டும் விளக்கம் தேவையில்லை. கேட்டால் புட்டே வருகிறது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஆறாம் வகுப்பில் நந்தனா என்று ஒருத்தி. நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், தகப்பனுக்குச் சாலையில் மிளகு, மல்லி மொத்த வியாபாரம். வீட்டில் தமிழ், தோழிகளோடு மலையாளம். இரண்டிலும் வாய் மூடாது. போன செவ்வாய்க்கிழமை நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்க, பின்னால் அவள் குரல். நான் திரும்பாமலே, "நந்தனா, கதைக்காதை பிள்ளை" என்றேன்.

"நான் கதையொண்ணும் சொல்லல டீச்சர்."

"இப்பவும் கதைக்கிறாய்."

"இல்ல டீச்சர். சத்தியமா இல்ல."

"பார், திரும்பவும் கதைக்கிறாய்."

அவள் எழுந்து நின்று தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். பேசியதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. இருக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

அடுத்த நாள் காலை முதல்வரின் அறைக்கு அழைப்பு. நந்தனாவின் தகப்பன் வந்திருந்தார். மனிதர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எம்புள்ள வாயாடிதான் டீச்சர். ஆனா பொய் சொல்ல மாட்டா" என்றார். "வீட்டுக்கு வந்ததுல இருந்து சாப்பிடல்ல. 'நான் கதை விடல்லப்பா, டீச்சர் நம்ப மாட்டேங்குறாங்க'ன்னு ஒரே அழுகை. அத்தனை பிள்ளைங்க முன்னால வச்சுப் பொய்க்காரின்னு சொல்லலாமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கதை விடுவது என்றால் இவர்களுக்குப் பொய் சொல்வது. நான் பேசாதே என்று சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை பொய் சொல்லாதே என்று கேட்டிருக்கிறாள். அவள் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அதுவும் பொய் என்று நான் சொல்லியிருக்கிறேன், மலர்.

"ஐயா, எங்கட ஊரில கதைக்கிறது என்டால் பேசுறது. பாடம் நடக்கேக்க பேசாதை என்டுதான் சொன்னனான்" என்றேன்.

"ஓ, பேசுனதுக்காக்கும் ஏசுனது? அதுக்கு ஏசத்தான் செய்யணும். வீட்லயும் அவ வாய் அடங்காது" என்றார் தகப்பன். லேசாகச் சிரித்துவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

முதல்வர் சிரிக்கவில்லை. அவர் மலையாளி, கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. "டீச்சர், குட்டிகள்க்கு மனசிலாவுந்ந தமிழ் மதி" என்றார். பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழ் போதும். வகுப்பில் இனிப் பாடநூல் தமிழ் மட்டுமே பேசுவேன் என்று ஒரு தாளில் அப்போதே தட்டச்சு செய்து நீட்டினார். கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு நான் ஊருக்கு, உன் கதிரைக்குப் பக்கத்துக் கதிரைக்கு.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பள்ளிக்கூடம் பார்க்க வந்த ஒரு கல்வி அதிகாரி, வகுப்பில் 'ஓம்' என்று சொல்லாமல் 'ஆம்' என்று சொல்லுங்கள் என்று உனக்குப் புத்தி சொன்னாரே? "ஓம், சொல்லுறன்" என்றாய் நீ. ஆசிரியர் அறை முழுக்க ஒரு கிழமை அதையே சொல்லிச் சிரித்தோம்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மலர். ஒரு சொல்கூட எதிர்த்துச் சொல்லவில்லை. நியாயம் அவர் பக்கம் இருந்ததா என் பக்கம் இருந்ததா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அழுத பிள்ளையின் முகம் ஒரு பக்கம், உன் கதிரை ஒரு பக்கம். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அன்று மாலை அறைக்கு வந்து பெட்டியிலிருந்து உன் கொப்பியை எடுத்தேன். ஆம், அதையும் கொண்டுவந்திருக்கிறேன். தொண்டையில் குழாய் போட்ட பிறகு நீ எழுதி எழுதிக் காட்டிய அந்த நாற்பது பக்கக் கொப்பி. தண்ணீர், திரைச்சீலையை இழு, மகனுக்குச் சொல்லாதே. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: கதை.

இங்கே யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்தால், நோயாளி ஏதோ ஒரு கதை கேட்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். நீ கேட்டது அதுவல்ல. உன்னால் முடியவில்லை, அதனால் என்னைப் பேசச் சொன்னாய். எதையாவது பேசு என்றாய். நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னாள், நானும் போய்விட்டேன். நீ அடுத்த நாள் போய்விட்டாய். இருபத்திரண்டு வருடம் ஓயாமல் கதைத்தவள், கேட்ட ஒரு நாள் ஊமையாக நின்றேன். இதற்கு நான் உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

நேற்று நந்தனாவிடம் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கதைக்கிறது என்றால் என்ன என்பதையும் அப்போதே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பாடநூல் தமிழில்தான் சொன்னேன், கையெழுத்துக்குப் பங்கமில்லை. அவள் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். இன்னும் கோபம்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இன்று மத்தியானம் கால்வலியோடு மூன்றாம் மாடிப் படியில் நின்றுகொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு படி கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"டீச்சர், இப்பம் இன்டெர்வெல்தானே. இப்பம் கதைக்கலாமா?"

வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். உன் கட்டிலடியில் வந்த அதே பயம். ஆனால் இந்த முறை நான் நின்றுகொண்டிருக்கவில்லை, மலர். கால் நீட்டிப் படியிலேயே இருந்துவிட்டேன்.

"ஓம்" என்றேன். "வா, கதைப்பம்."

மணி அடிக்கும்வரை கதைத்தோம். அவள் தம்பியைப் பற்றிச் சொன்னாள். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

வகுப்பில் இனிப் பாடநூல் தமிழில் பேசுவேன். போட்ட கையெழுத்தை மீறமாட்டேன். ஆனால் நீ கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் கொப்பியில் அந்தச் சொல்லுக்குப் பிறகு பக்கம் இல்லை, அதனால் நாளை சாலையில் புதிதாக ஒன்று வாங்குவேன். களைத்து வந்தாலும், கால் வலித்தாலும், ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வரியாவது உன்னோடு கதைப்பேன். அழுதால் அழுதுகொண்டே கதைப்பேன்.

உன் பக்கத்துக் கதிரை,
உன் வசந்தி